கொடியில் காய்ந்த துணியை நம்பி நாற்பது லட்சம்

மலையில் ஒரு சின்ன வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் பென்ஷனோடு இன்னொரு வருமானம் என்று நினைப்பவர்கள், முக்கியமாக ஓய்வுபெற்ற பணத்தைக் கையில் வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். நான் படித்துவிட்டுக் கொடுத்தவள் இல்லை.

நான் மேட்டுப்பாளையத்தில் இருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் நான் ஏமாந்தது முழுக்க முழுக்கக் கணக்கில்தான்.

2024 மே மாதம். நீலகிரி மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைன் அனுமதி) கட்டாயமாகியிருந்த நேரம். தெரிந்தவர் மூலம் அறிமுகமான ஒரு புரோக்கர், "இ-பாஸ் வந்ததால விலை இறங்கி நிக்குது டீச்சர், இப்ப விட்டா கிடைக்காது" என்றார். கோத்தகிரிக்கு வெளியே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு வீடு. கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். இரண்டிலும் ஆள் இருக்கிறார்கள் என்றார். கீழே 13,000, மேலே 11,000. விலை 36 லட்சம்.

நான் அங்கேயே மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். மாதம் 24,000, வருடத்துக்கு 2,88,000. 36 லட்சத்துக்கு மிகச் சரியாக எட்டு சதவீதம். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 8.2 சதவீதம் தருகிறார்கள். 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கணக்கில் வந்து விழும். "அதுக்குச் சமமா வாடகை வருது, நிலம் ஏறுறது தனி" என்றார் புரோக்கர். இவ்வளவு முழுசாக எட்டு வருகிறதே என்று அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் போடும் பையன்களை எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்!

வீடு பார்க்கப் போன அன்று நல்ல வெயில். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. நீல நைட்டி ஒன்று, குழந்தைச் சட்டைகள். கீழ் வீட்டில் ஒரு இளம் பெண் கதவைத் திறந்து, "வாங்க ஆன்ட்டி, டீ சாப்பிடுறீங்களா?" என்றாள். புரோக்கர் உடனே "இல்லம்மா, நேரமாச்சு" என்று முந்திக்கொண்டார். கணவர் கோவை ஐடி கம்பெனியாம், வீட்டிலிருந்தே வேலையாம். மேல் வீட்டில் இருப்பவர் தனியார் பள்ளி ஆசிரியை, லீவுக்கு ஊருக்குப் போயிருக்கிறார் என்று பூட்டைக் காட்டினார்கள். நானும் ஆசிரியை அல்லவா, மனசு அங்கேயே இளகிவிட்டது.

சமையலறையை எட்டிப் பார்த்தேன். அடுப்பு இருந்தது, சிலிண்டர் இல்லை. தீர்ந்துபோய் மாற்ற அனுப்பியிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் ஜனவரித் தாள்கூடக் கிழிக்கப்படவில்லை. அதற்கு என்ன சமாதானம் சொல்லிக்கொண்டேன் என்று இப்போது ஞாபகமில்லை.

பத்திரத்தைப் பொறுத்தவரை ஒரு குறையும் இல்லை. வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம் எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டினோம். விற்பவர் பெங்களூரில் இருக்கும் பெரியவர். பதிவு அன்று வந்தார், கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். அவரோடு இரண்டு வார்த்தை பேச புரோக்கர் இடமே கொடுக்கவில்லை. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம், 3,24,000. புரோக்கர் கமிஷன் இரண்டு சதவீதம், 72,000. ஆக 36 லட்சத்து வீடு எனக்கு 40 லட்சத்துக்கு நான்காயிரம் குறைவாக வந்து நின்றது. எட்டு சதவீதம் அங்கேயே ஏழே கால் ஆகிவிட்டது. அதைக்கூட நான் பிறகுதான் போட்டுப் பார்த்தேன்.

ஜூன், ஜூலை வாடகை சொன்ன தேதிக்கு வந்தது. 48,000 ரூபாய். ஆகஸ்டில் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் காலி செய்வதாகச் சொன்னார்கள். கீழ் வீட்டுக்காரருக்குக் கம்பெனி கூப்பிட்டுவிட்டதாம், மேல் வீட்டு ஆசிரியைக்கு ஊரிலேயே வேலை கிடைத்துவிட்டதாம். ஆளுக்கு 50,000 அட்வான்ஸ். "அட்வான்ஸைக் கழிச்சுத்தான் 36 லட்சம்னு பேசினோம், நீங்கதான் திருப்பித் தரணும்" என்றார் புரோக்கர். வாயால் பேசியதுதான், எழுத்தில் எதுவும் இல்லை. நான் கொடுத்தேன். ஒரு லட்சம்.

நான் வாங்கிய வாடகை 48,000. நான் கொடுத்த அட்வான்ஸ் 1,00,000. அதாவது என் பணத்தையே எனக்கு வாடகையாகக் கொடுத்துவிட்டு, 52,000 லாபத்தோடு போயிருக்கிறார்கள்.

இதை எனக்குப் புரியவைத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. காலியான வீட்டைக் கூட்டப் போன அன்று வேலி ஓரம் நின்று, "ஏன் டீச்சரம்மா, அந்தப் பொண்ணு இங்க குடியிருந்துச்சுன்னா சொன்னாங்க? வீடு பாக்க ஆளு வர்ற அன்னைக்கு ஜீப்புல வந்து எறங்கும், துணியை நனைச்சுக் கொடியில போடும், சாயங்காலம் எடுத்துக்கிட்டுப் போயிரும்" என்றார். எனக்குக் கால் நடுங்கிவிட்டது. பெங்களூர்ப் பெரியவருக்குப் போன் போட்டேன். "வீடு ரெண்டு வருஷமா பூட்டித்தானேம்மா கிடந்துச்சு? சாவி புரோக்கர்கிட்டதான் இருந்துச்சு" என்றார். பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், வீட்டைக் காலியாகச் சுவாதீனம் ஒப்படைத்ததாகத்தான் எழுதியிருக்கிறது. வாடகைதாரர் என்ற சொல்லே அதில் இல்லை. நானும் அதைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் தம்பி மகன் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினான். வாடகை ஒப்பந்த நகல்கள் இரண்டும் 20 ரூபாய் முத்திரைத்தாளில் இருந்தன. ஒப்பந்தத் தேதி 2023 ஜூன். தாளின் பின்பக்கம் முத்திரைத்தாள் விற்பவர் போட்ட தேதி 2024 ஏப்ரல். ஒப்பந்தம் எழுதிப் பத்து மாதம் கழித்துத் தாள் வாங்கியிருக்கிறார்கள்! 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அதற்கு ஒரு பதிவு எண் தருவார்கள். "அந்த நம்பர் எங்கே?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் புரோக்கர் அங்கேயே திணறியிருப்பார். வாடகை வந்ததற்கு ஒரு வருட பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கேட்கவில்லை.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னைக் குத்தியது கரண்ட் மீட்டர். கதவுக்குப் பின்னால் மீட்டர் பெட்டி, அதற்குள் இ.பி. வெள்ளை அட்டை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுதிய ரீடிங்: 4 யூனிட், 6 யூனிட், 3 யூனிட். பில் பூஜ்யம். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் பூஜ்யம் பில் யார் கண்ணையும் உறுத்தாது. ஆனால் கோத்தகிரி டிசம்பர் குளிரில், இரண்டு குடும்பம், ஒரு கைக்குழந்தை, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை, 6 யூனிட்டா? கீசரை ஒரு வாரம் போட்டாலே அது தாண்டிவிடும். எனக்குத் தெரிந்த மொழியில், எண்ணில், உண்மை எழுதி அந்தச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் கொடியில் காய்ந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டு வரியில் பெயர் மாற்றப் போனபோதுதான் கீழ்த்தளத்துக்கு மட்டுமே வரைபட அனுமதி, வரி எல்லாம் என்று தெரிந்தது. மேல் போர்ஷன் கணக்கிலேயே இல்லை. வரி ரசீதும் கரண்டும் இருந்தால் அனுமதியும் இருக்கிறது என்று அர்த்தமில்லை, நீலகிரியில் அதைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஐப்பசி மழையில் இன்னொன்றும் தெரிந்தது. வீட்டின் பின்பக்கம் மண்ணை வெட்டி எடுத்த சரிவு, அதை ஒட்டியே சுவர். மூன்று நாள் மழைக்குச் சுவரில் ஈரம் இடுப்புயரம் ஏறிவிட்டது. மே மாதம் பார்த்த பளபள பெயின்ட் அதை மறைக்கத்தான். 2009 நவம்பர் மழையில் இந்தப் பக்கமெல்லாம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததைப் பாட்டி இன்றும் சொல்லிச் சொல்லிப் பயப்படுவார். மலையில் வீடு பார்ப்பதென்றால் மழையில் போய்ப் பாருங்கள், சீசனில் போகாதீர்கள்.

இதற்கு நடுவில் அதே புரோக்கர் மறுபடி போன் செய்தார், தைரியத்தைப் பாருங்கள். "காட்டேஜ் நடத்துற பார்ட்டி ஒருத்தர் இருக்கார், மொத்தமா விட்டுருங்க, மாசம் 20,000." வீட்டுக்கான கரண்ட் இணைப்பில், அனுமதி இல்லாத மாடியில், டூரிஸ்ட்டைத் தங்கவைத்தால் அதிகாரிகள் சீல் வைக்கும்போது பூட்டு என் வீட்டுக்கு, அபராதம் என் பெயருக்கு. இந்த முறை போனை வைத்துவிட்டேன்.

போலீசில் மனு கொடுத்து ரசீது வாங்கினேன். கூப்பிட்டு விசாரித்தார்கள். "குடியிருந்தாங்க, காலி பண்ணிட்டாங்க, நான் என்ன சார் பண்றது?" என்றார் புரோக்கர். முத்திரைத்தாள் தேதியைக் காட்டியதும் குரல் இறங்கியது. கமிஷனில் 40,000 திருப்பிக் கொடுத்தார். மீதி இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது கீழ் வீட்டில் ஒரு நர்ஸ் குடும்பம் இருக்கிறது. வாடகை 6,500. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் அதுதான் அந்தப் பகுதியின் உண்மையான வாடகை. வாங்கும் முன் இரண்டு வீட்டில் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். ஒப்பந்தம் எழுதிப் பதிந்தாயிற்று. மேலே பூட்டு. வருடத்துக்கு 78,000, நாற்பது லட்சத்துக்கு இரண்டு சதவீதம்கூட வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாட்டி போன் செய்தார். "டீச்சரம்மா, கீழ வளைவுல பச்சை கேட்டு வீடு இருக்குல்ல, அங்க அதே பொண்ணு. அதே நீல நைட்டி." அதனால்தான் இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பச்சை கேட், இரண்டு போர்ஷன், வாசலில் இரண்டு சில்வர் ஓக் மரம். அந்த வீட்டுக்கு யாராவது விலை பேசிக்கொண்டிருந்தால், டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதலில் மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்.