பூஸ்டை எப்போது அழுத்துவது? எஃப்-ஜீரோ 99, இரண்டு வருட அனுபவம்

2023 செப்டம்பரில் நின்டெண்டோவின் ஆன்லைன் பந்தய வீடியோ கேம் எஃப்-ஜீரோ 99 வந்த வாரத்திலேயே விளையாட ஆரம்பித்தேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நாலைந்து பந்தயம் என்பது இரண்டு வருடமாக வழக்கமாகிவிட்டது. வண்டி ஓட்டப் பழக எனக்கு ஒரு மாதம் போதுமாக இருந்தது. சட்டென்று வேகத்தைக் கூட்டும் பூஸ்ட் பட்டனை எப்போது தொடக்கூடாது என்று புரியத்தான் ஒரு வருடம் ஆனது.

விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாக: 99 பேர், நாலு சுற்று. முதல் சுற்றில் பூஸ்ட் கிடையாது. இரண்டாவதிலிருந்து அழுத்தலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் சக்தி மீட்டர் இறங்கும். சுவரில் உரசினாலும், அடுத்தவர் இடித்தாலும் இறங்குவது அதே மீட்டர்தான். அது காலியான நேரத்தில் இடி வாங்கினால் வண்டி வெடித்துவிடும். 1990-இல் வந்த முதல் எஃப்-ஜீரோவில் சுற்றுக்கு ஒரு பூஸ்ட் தனியாகக் கிடைத்தது. 1998-இல் வந்த எஃப்-ஜீரோ எக்ஸ்தான் வேகத்தையும் உயிரையும் ஒரே மீட்டரில் போட்டது. இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் அதுதான்.

சரி, முதல் தவறு. இரண்டாம் சுற்று தொடங்கும் கோட்டைத் தாண்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பூஸ்டை அழுத்துவார்கள். நானும் மாதக்கணக்கில் அதையே செய்தேன். மியூட் சிட்டி என்ற பந்தயப் பாதையில் அந்த நேர்ப்பாதை முடிந்து முதல் வளைவு வரும்போது முன்னால் பத்துப் பதினைந்து வண்டிகள் ஒன்றையொன்று மோதிக்கொண்டு கிடக்கும். பூஸ்டில் போகிறவனுக்கு விலக இடமே இருக்காது. சுவரில் ஒரு அடி, பக்கத்து வண்டியிடம் ஒரு அடி. பூஸ்டுக்குக் கொடுத்ததைவிட இடிக்குக் கொடுத்தது அதிகம். இப்போது கோட்டைத் தாண்டி மூன்று விநாடி காத்திருக்கிறேன். கூட்டம் சிதறட்டும், அப்புறம் என் வழி தெரியும்.

அடுத்தது வளைவு. சைலன்ஸ் பாதையில் செங்கோணத் திருப்பங்கள் நிறைய. திரும்பும்போது வேகம் குறைகிறதே என்று நடுவில் அழுத்தினால் வண்டி வெளிச்சுவரை நோக்கி அகலமாக ஓடும். வண்டியின் மூக்கு அடுத்த நேர்ப்பாதையைப் பார்த்த பிறகு அழுத்த வேண்டும். அரை விநாடி தாமதம்தான், ஆனால் பூஸ்ட் முழுக்க நேர்ப்பாதையில் செலவாகும். டெத் விண்ட் பாதையில் இன்னும் கவனம் தேவை. பக்கக் காற்று தள்ளிக்கொண்டே இருப்பதால், வண்டியை நிலைப்படுத்தாமல் அழுத்தினால் வேலி நிச்சயம்.

பாதையில் ஓர் இடத்தில் இருக்கும், மேலே ஓட்டினால் மீட்டரை நிரப்பும் சக்தி ஏற்றும் பட்டை பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன். மீட்டர் முக்கால்வாசி இருக்கும்போது பட்டையில் ஏறினால் பாதி சக்தி வீண். அதனால் பட்டைக்குச் சற்று முன்னால் வரைக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, பூஸ்ட் அடங்கிய பிறகு அதன் மேல் ஏறுகிறேன். பூஸ்டோடு ஏறினால் பட்டையின் மேல் இருக்கும் நேரமே குறைந்துவிடும்.

வண்டியைப் பொறுத்தும் கணக்கு மாறும். கோல்டன் ஃபாக்ஸ் சட்டென்று வேகம் எடுக்கும், ஆனால் உடம்பு மெலிது. அதில் கூட்டத்துக்கு நடுவே பூஸ்ட் போடவே மாட்டேன். ஃபயர் ஸ்டிங்ரே நேர்மாறு. ஒரு முறை நின்றுபோனால் மறுபடி வேகம் பிடிக்க நேரம் எடுக்கும். அதனால் இடி வாங்கி வேகம் இழந்த இடத்தில் அதற்கு ஒரு பூஸ்ட் கொடுப்பது தகும்.

கடைசிச் சுற்றில் மட்டும் சேமிப்பு வேண்டாம். கடைசிப் பட்டையைத் தாண்டியதும், மீதமுள்ள தூரத்துக்கு எத்தனை பூஸ்ட் தாங்கும் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே ஓட்டுவேன். போன மாதம் ஒரு பந்தயத்தில் நான்காவதாக வந்தேன். மூன்றாவது வந்தவர் என்னைவிட ஒரு வண்டி நீளம்தான் முன்னால். கோட்டைத் தாண்டியபோது என் மீட்டரில் இன்னும் கால்வாசி மிச்சம் இருந்தது. அன்று ராத்திரி அதே பாதையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.