நாய்க்கு முதல் வண்டி: இரண்டு சக்கரமா, நான்கு சக்கரமா?

நாயை வண்டி இழுக்கப் பழக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த வண்டி வாங்கலாம் என்றுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வண்டி வீட்டுக்கு வந்த அன்றே என் பெண் நாயை அதில் பூட்டிவிட்டேன். பத்தடி நடந்ததும் பின்னால் சக்கரம் கடகடத்தது. மிரண்டு ஓடினாள். வண்டியும் துரத்திக்கொண்டே ஓடியது. ஓட ஓடச் சத்தம் கூடியது. அதற்கப்புறம் இரண்டு மாதம் அந்த வண்டி நிற்கும் பக்கமே அவள் வரவில்லை. தவறு முழுக்க என்னுடையது. வண்டிகளை ஒப்பிடத்தான் போகிறேன், ஆனால் அதைவிடப் பெரிய தேர்வு, எப்படிப் பழக்கத் தொடங்குகிறோம் என்பது.

அதற்கு முன் வயது. பெரிய இன நாய்களுக்கு எலும்பு வளர்ந்து முடிய ஏறக்குறைய 18 மாதம் ஆகும், சிலவற்றுக்கு 2 ஆண்டுகூட ஆகலாம். அதுவரை பாரம் இழுக்க வைக்காதீர்கள். இடுப்பு, முழங்கை மூட்டுகளை ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆனால் ‘நட’, ‘நில்’, ‘மெதுவா’, ‘இடம்’, ‘வலம்’, ‘பின்னே’ போன்ற கட்டளைகளைக் குட்டியிலேயே சொல்லிக்கொடுக்கலாம். இவற்றில் ‘நில்’ உறுதியாக வராத நாயை எந்த வண்டியிலும் பூட்டக் கூடாது.

சரி, வண்டிக்கு வருவோம்.

இரண்டு சக்கர வண்டியில் நாயின் இருபுறமும் இரண்டு தண்டுகள் நீண்டு வந்து, சேணத்தில் (வண்டி இழுக்க நாயின் உடம்பில் மாட்டும் பட்டைகள்) உள்ள வளையங்களில் தங்கும். எல்லாமே அச்சின்மேல் பாரம் எப்படி உட்கார்கிறது என்பதைப் பொறுத்தது. முன்பாரமானால் எடை தண்டு வழியாக நாயின் முதுகில் இறங்கும். பின்பாரமானால் தண்டு மேலே எழும்பி, வயிற்றுப்பட்டை நாயை அடியிலிருந்து தூக்கும். பூட்டுவதற்கு முன் தண்டுகளின் முனையை உங்கள் விரல்களில் ஏந்திப் பாருங்கள். மிதப்பதுபோல லேசாக இருந்தால் சரி. இறக்கத்தில் பாரம் கொஞ்சம் முன்னுக்கு வரும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொண்டால் கிடைப்பது நிறைய. நின்ற இடத்திலேயே திரும்பலாம், பின்னால் நகர்த்தலாம், குறுகலான பாதையிலும் போகலாம். வண்டியும் லேசு. வேகமாக வளைந்தால் குடைசாயும் என்பதுதான் குறை.

நான்கு சக்கர வண்டி தன் எடையைத் தானே தாங்கிக்கொள்ளும். முதுகில் ஒன்றும் இறங்காது. மூட்டையை எந்த மூலையில் வைத்தாலும் நாய்க்கு அவ்வளவாக வித்தியாசம் தெரியாது. விறகு, மண், அறுவடை என்று உண்மையான சுமை தூக்க நினைப்பவர்களுக்கு இதுதான் ஏற்றது. ஆனால் திரும்ப அகலமான இடம் வேண்டும். பின்னால் தள்ளினால் முன் அச்சு மடங்கி வண்டி குறுக்கே நின்றுவிடும், நாய் தண்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு பயந்துபோகும். வெறும் வண்டியே கனமாக இருப்பதால் இறக்கத்தில் நாயைப் பின்னாலிருந்து தள்ளவும் செய்யும். அதைத் தடுக்க, நாயின் பின்தொடைகளைச் சுற்றி வரும் பின்பட்டையோ வண்டியில் ஒரு பிரேக்கோ கட்டாயம் வேண்டும்.

என் முடிவு: முதல் வண்டி இரண்டு சக்கரமாக இருக்கட்டும். புதிதாகப் பழகும் நாய் தவறான பக்கம் திரும்பும், தயங்கும், பின்வாங்கும். அதையெல்லாம் மன்னிக்கிற வண்டி அதுதான். பாரத்தைச் சமன்பார்த்து ஏற்றப் பொறுமை இல்லாதவர்கள் மட்டும் நான்கு சக்கரத்துக்குப் போகலாம்.

நாய் முன்னே கயிற்றில் ஓட, நாம் பின்னால் காலால் உந்தும் ஸ்கூட்டர் பலகையில் நின்றுகொண்டு போவது மூன்றாவது வழி. பிரேக் நம் கையில் இருப்பது பெரிய நிம்மதி. துள்ளி ஓட விரும்பும் நாய்க்கு நல்ல ஆட்டம். ஆனால் அது ஓட்டம், இது சுமைவேலை. பக்கத்தில் நடந்து வழிகாட்ட விரும்புபவருக்கு அது பொருந்தாது.

சேணத்தில் இரண்டு வகை பரவலாக உண்டு. மார்புக்குக் குறுக்கே ஒரே பட்டை போவது ஒன்று. மாட்டுவதும் அளவைச் சரிசெய்வதும் எளிது, லேசான வண்டிக்குப் போதும். ஆனால் பட்டை கொஞ்சம் மேலேறினால் மூச்சுக்குழலை அழுத்தும், கீழிறங்கினால் தோள் அசைவைத் தடுக்கும். இன்னொன்று, கழுத்தின் இருபக்கமும் இறங்கி மார்பெலும்பின்மேல் ‘ஒய்’ எழுத்துபோல் சேர்வது. தோள் தடையின்றி அசையும், அழுத்தம் மார்பு முழுதும் பரவும். நான் இதையே சொல்வேன், ஆனால் அளவு கச்சிதமாக இருக்க வேண்டும். கழுத்துப்பட்டையிலோ, நடைக்கு அழைத்துப்போகும் சாதாரண ஹார்னஸிலோ வண்டியைக் கட்டவே கட்டாதீர்கள். எந்தச் சேணமானாலும், இழுப்பது தண்டுகளின் வேலை இல்லை. சேணத்திலிருந்து வண்டிக்குப் போகும் இழுகயிறுகள்தான் இழுக்க வேண்டும். தண்டுகள் திசை காட்டவும் நிறுத்தவும் மட்டுமே. கயிறு தொய்ந்து தண்டு விறைத்திருந்தால் கட்டியது தவறு.

இப்போது நான் கோட்டைவிட்ட இடம். நேராக வண்டியில் பூட்டுவது ஒரு வழி. துணிச்சலான சில நாய்கள் முதல் நாளே இழுத்துக்கொண்டு போய்விடும், அதைப் பார்த்துத்தான் நமக்கும் ஆசை வருகிறது. ஆனால் ஒருமுறை மிரண்ட நாயை மீட்க ஆகும் காலம், படிப்படியாகப் பழக்குவதைவிட அதிகம். சத்தம், உரசல், இழுவை மூன்றையும் ஒரே நாளில் அதன்மேல் போடுகிறோம். படிப்படியான வழியில் அவற்றைப் பிரித்துத் தருகிறோம். முதலில் சேணத்தை மாட்டிச் சாப்பாடு. பிறகு இன்னொருவர் கூழாங்கல் போட்ட பிளாஸ்டிக் பாட்டிலைக் கயிற்றில் கட்டித் தூரத்தில் இழுத்துவர, நாய் நம்மோடு நடந்து பழகும். தூரம் மெல்லக் குறையும். அது சலித்துப்போய் திரும்பிக்கூடப் பார்க்காத நாள் வந்த பின்பே பாட்டிலை நாயின் கயிற்றில் கட்ட வேண்டும். அதன்பின் சிறு மரக்கட்டை. தனியே, நாயின் இருபக்கமும் மூங்கில் கழிகளைப் பிடித்துக்கொண்டு நடந்தால் தண்டின் உரசல் பழகும். திரும்பும்போது தண்டு விலாவில் படுவதைத்தான் பல நாய்கள் வெறுக்கின்றன, இதற்கு நேரம் கொடுங்கள்.

எவ்வளவு ஏற்றலாம்? முதலில் வெறும் வண்டி. அடுத்த சில மாதங்கள் வண்டியும் சேர்த்து நாயின் எடையைத் தாண்டாமல் இருப்பது நல்லது. சுவிட்சர்லாந்தில் பால் வண்டி இழுத்த நாய்களும், 1914 இல் பெல்ஜியப் படையின் இயந்திரத் துப்பாக்கிகளை இழுத்த நாய்களும் இந்த வேலைக்கென்றே வளர்க்கப்பட்ட வலுவான நாய்கள். 1914க்கு வெகு முன்பே, 1839 இல், லண்டனில் நாய்வண்டிக்குத் தடை வந்தது. 1854 இல் வந்த சட்டம் அதை விரிவாக்கியது. அளவுக்கு மீறி ஏற்றி நாய்களை வதைத்தார்கள் என்ற குரலும் அதற்கு ஒரு காரணம். உங்கள் ஊரில் சாலையில் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது.

வெயிலில் வேண்டாம். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. பூட்டிய நாயைத் தனியே விட்டுப் போகவும் கூடாது. நாக்கு நீளமாகத் தொங்குவது, வால் இறங்குவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்ப்பது தெரிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

என்னுடையவளை மறுபடி பாட்டிலிலிருந்து தொடங்கினேன். பதினோராவது வாரம்தான் அதே வண்டியைப் பூட்டினேன். காலி வண்டி, புல்தரை, ஐந்து நிமிடம். சக்கரம் கல்லில் ஏறிக் கடகடத்தபோது ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பினாள், நடந்துகொண்டே இருந்தாள்.