கெம்பை அரக்காக்கும் லைட் பாக்ஸ்: 2 வருடம் கழித்து

என்னைப் போலவே வீட்டிலிருந்து நகை கோத்து விற்கும் தோழி நேற்று ராத்திரி கேட்டாள்: "அக்கா, நீங்க வச்சிருக்கிற மடக்கு லைட் பாக்ஸ் இப்போ பாதி விலைக்கு வருது. வாங்கட்டுமா?" போன வாரம்தான் என் பெட்டியின் ஒயரை ரிப்பேர் செய்து வாங்கி வந்திருந்தேன். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

நகையை உள்ளே வைத்து போனில் படம் எடுக்க 40 செ.மீ. பெட்டி, மேலே இரண்டு எல்.இ.டி. பட்டை, பின்னணிக்கு ஆறு கலர் ஷீட். இதெல்லாம் தெரிந்ததுதான். எனக்கும் அதற்கும் சண்டை சிவப்பில்.

நான் அதிகம் செய்வது கெம்புக் கல் ஜிமிக்கியும் அட்டிகையும். பெட்டிக்குள் வைத்தால் முத்து அழகாக வரும், வெள்ளைக் கல் மின்னும், கெம்பு மட்டும் களையிழந்து அரக்காகத் தெரியும். ஒருவர் தன் அரக்குப் புடவைக்குப் பொருந்தும் என்று படத்தைப் பார்த்து அட்டிகை வாங்கினார். போய்ச் சேர்ந்ததோ பளீர் சிவப்பு. திருப்பி அனுப்பிவிட்டார். அவர்மேல் என்ன தப்பு? போகவர கூரியர் செலவு என் தலையில்.

அட்டையில் 'சி.ஆர்.ஐ. 95' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் நிறம் எவ்வளவு அசலாகத் தெரியும் என்று 100-க்குச் சொல்லும் எண் அது. அதை நம்பித்தான் வாங்கினேன். அடி பட்ட பிறகு தேடிப் படித்தால், அந்த எண் அடர்த்தி குறைந்த 8 நிறங்களின் சராசரியாம். அடர்சிவப்பு அந்தக் கணக்கிலேயே வராது. அதற்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அது மட்டும் இல்லை. சரி, போனிலேயே சிவப்பைக் கூட்டலாம் என்றால், கல் சரியாகும்போது தங்க முலாம் செம்பாகிவிடுகிறது.

டிம்மரைத் தொடவே கூடாது. அது விளக்கைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து அணைத்துப் போட்டுத்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. போன் அதைக் கண்டுபிடித்துப் படம் முழுக்கக் கோடு கோடாகக் காட்டிவிடும். முழு வெளிச்சம் வைத்து, பட்டைக்குக் கீழே பட்டர் பேப்பர் ஒட்டிவிட்டேன். உருண்டைக் கல் ஒவ்வொன்றிலும் எல்.இ.டி. புள்ளிகள் வரிசையாகத் தெரிந்த தொல்லையும் அதோடு போயிற்று. இதைக் கம்பெனிக்காரனே ஒட்டித் தந்தால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் பொய் சொல்லக் கூடாது. ஆக்சிடைஸ்டு வளையல், முத்து மாலை, கறுப்பு டெரகோட்டா எல்லாம் இதில் அவ்வளவு சுத்தமாக வரும். 2எக்ஸ் லென்ஸில் கொஞ்சம் தள்ளி நின்று, வெள்ளை ஷீட் சாம்பலாகாமல் எக்ஸ்போஷரை ஒரு இழு மேலே இழுத்தால் போதும். அதுவும் பிள்ளைகள் தூங்கிய பிறகு, ராத்திரி 11 மணிக்கு.

கெம்பு மட்டும் காலை 8 மணிக்கு ஜன்னலோரம். நேர் வெயில் படாத இடம், எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. அந்தச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் பெட்டிக்குக் கொடுத்த காசு நினைவுக்கு வந்து வயிறு எரியும்.

அந்த எரிச்சலோடே தோழிக்கு, "வாங்காதே" என்று அனுப்பினேன்.

"அப்போ நீங்க ஏன் ரிப்பேர் பண்ணீங்க?"

ஒயர் விட்டுப்போன அன்று சாயங்காலமே, கடை சாத்துவதற்குள் தெருமுனை மொபைல் கடைக்கு ஓடி, 100 ரூபாய் கொடுத்து, பக்கத்திலேயே நின்று சால்டர் வைத்து வாங்கி வந்ததை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. இன்னும் பதில் போடவில்லை. மூன்று செட் வளையல் படம் எடுக்க வேண்டியிருக்கிறது, ராத்திரிதான் நேரம்.