பழைய ஏசியை மாற்ற என்ன செலவு? மடிப்பாக்கத்தில் ஒரு சின்னக் கடை

மாடி பெட்ரூமில் இருந்த ஒன்றரை டன் ஸ்ப்ளிட், குளிர்விக்க ஆர்-22 என்ற பழைய கேஸைப் போட்ட காலத்து மாடல், உள்ளே இருக்கும் குழாய்ச் சுருள் (காயில்) அரித்துப்போய் கேஸ் நிற்கவே இல்லை. முதலில் ஒரு பெரிய ஷோரூமில்தான் கேட்டோம். 41,000 ரூபாய், இன்ஸ்டலேஷன் இலவசம் என்றார்கள். துருவிக் கேட்டபோதுதான் ஸ்டாண்டு, கூடுதல் செம்புக் குழாய், பழையதைக் கழற்றும் கூலி எல்லாம் தனி, மாட்ட வரும் ஆள் சொல்லுவார் என்று பதில் வந்தது. அப்படியானால் 41,000 என்று ஏன் சொல்ல வேண்டும்?

அப்புறம் எங்கள் ஏரியாவில் சர்வீஸ் பார்க்கும் சின்னக் கடைக்குப் போனோம். அந்த அண்ணன் நேரில் வந்து அறையை அளந்தார், மேலே மொட்டை மாடியா என்று பார்த்தார், பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: மெஷின் 40,500, கூடுதல் குழாய் நாலு மீட்டர் 3,400, ஸ்டாண்டு 700, கழற்ற 600, மாட்ட 1,500, பழைய மெஷினை எடுத்துக்கொள்வதற்காகக் கழித்தது 4,500. மொத்தம் 42,200. கடைசியில் கொடுத்ததும் அதேதான், ஒரு ரூபாய் ஏறவில்லை.

இதில் குழாய்க் கணக்கைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். ஷோரூமில் சுவருக்குள் இருக்கும் பழைய குழாயையே வைத்துக்கொள்ளலாம், செலவு மிச்சம் என்றார்கள். இவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "சார், இப்ப வர்ற கேஸ் ஆர்-32, பிரஷர் ரொம்ப ஜாஸ்தி, பழைய பைப்ல பழைய ஆயில் வேற ஒட்டிட்டு இருக்கும், கம்ப்ரஸர் போயிடும்" என்றார். நியாயம்தான், ஆர்-22 ஓடியதைவிட ஒன்றரை மடங்குக்கு மேலான அழுத்தத்தில் ஆர்-32 ஓடுகிறது, இரண்டுக்கும் ஆயிலும் வேறு. அதேபோல வேக்கம் பம்ப் போட்டு குழாயில் இருந்த காற்றையும் ஈரத்தையும் நிதானமாக இழுத்த பிறகே கேஸைத் திறந்துவிட்டார். அவசரத்தில் மாட்டுகிற பலர் கொஞ்சம் கேஸை விட்டே காற்றைத் தள்ளிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், உள்ளே தங்குகிற ஈரம் மெஷினின் ஆயுளைத் தின்றுவிடும். மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், பம்ப் கொண்டுவரவில்லை என்றால் வேலையை ஆரம்பிக்கவே விடாதீர்கள்.

மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் விஷயத்திலும் நேர்மையாகப் பேசினார். 2026 ஜனவரியிலிருந்து அளவுகோல் இறுகிவிட்டது, முன்பு ஐந்து ஸ்டார் வாங்கிய மாடல் இப்போது நான்குக்கு இறங்கியிருக்கலாம், அதனால் ஸ்டாரை மட்டும் எண்ணாமல் லேபிளில் எந்த ஆண்டுக்கானது என்றும் பார்க்கச் சொன்னார். அந்த லேபிளில் போட்டிருக்கும் யூனிட் கணக்கு வருடத்துக்கு 1,600 மணி நேரத்துக்கானது. சென்னையில் இரவெல்லாம் போடுகிற வீட்டில் அதைத் தாண்டிவிடும், இரண்டு மாத பில் 500 யூனிட்டைக் கடந்தால் எவ்வளவு ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். 2025 செப்டம்பரில் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததில் மிச்சமான பணத்தை நல்ல ஸ்டாருக்கும் புதுக் குழாய்க்கும் போடலாம் என்பது என் கருத்து.

குறை என்றால், கடையில் தவணை வசதி இல்லை, இரண்டு பிராண்டுகள்தான் வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் வந்துவிட்டால் போனை எடுக்கவே மாட்டார்கள், அவ்வளவு வேலை. பிப்ரவரியிலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.