ஃபீனிக்ஸ் திராட்சைக் கன்று: குளிர் ஊருக்கு ஏற்றது

இங்கிலாந்தில் கென்ட் பக்கம் தோட்டத்தில் வெள்ளைத் திராட்சை நட நினைப்பவர்கள் ஃபீனிக்ஸ் ரகத்தைத் தாராளமாக வாங்கலாம். பாக்கஸ், வில்லார் பிளாங் என்ற இரண்டு திராட்சை ரகங்களையும் கலந்து 1964இல் ஜெர்மனியில் உருவாக்கிய ரகம் இது. இந்த ஊர் ஈரக் காற்றில் பக்கத்து வீட்டுக் கொடி சாம்பல் நோய் பிடித்து வெளுத்து நிற்கிறது. என்னுடையது மருந்தே தெளிக்காமல் பச்சைப்பசேலென்று இருக்கிறது. கொடுத்த காசு அதற்கே தகும். பழத்தில் மஸ்கட் என்ற வாசனைத் திராட்சையின் லேசான மணம் உண்டு. விதையும் உண்டு, என் மாமியாருக்கு அதுதான் பெரிய குறை.

நர்சரி கூடவே அனுப்பிய குறிப்புத் தாள் சுத்த வீண். 'வெயிலில் நடவும்' என்று ஒரே வரி! நம் தேனி மாவட்டத்துக் கம்பம் பக்கம் மாதிரி பந்தல் போட்டால் இந்த ஊர் வெயிலுக்குப் பழுப்பது சந்தேகம். தெற்கு பார்த்த செங்கல் சுவர்தான் சரியான இடம். பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நட்டு, 30 செ.மீ. இடைவெளியில் குறுக்கே கம்பி இழுத்துக் கட்டினேன். முதல் இரண்டு வருடம் வந்த பூங்கொத்துகளைக் கிள்ளிவிட வேண்டும். மனசு கேட்காது, ஆனால் முதலில் வேர் பலப்பட வேண்டுமே. அப்புறம் காய்க்க விடும்போது, குலைக்கு மேல் இரண்டு இலை விட்டு நுனியைக் கிள்ளுங்கள். கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிவிட, டிசம்பர் நல்லது. வசந்தம் வரை தள்ளிப்போட்டால் வெட்டிய இடத்தில் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று அந்தத் தாளுக்கு.