கைத்துப்பாக்கியோடு மாநிலம் மாறுவது: எடுத்துப் போவதா, டீலருக்கு அனுப்புவதா, விட்டுப் போவதா, விற்பதா?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கிகளுக்கு மத்திய அரசின் பதிவேடு கிடையாது. அப்படி ஒன்றைத் தொடங்கக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்து வைத்திருக்கிறது. பதிவும் உரிமமும் மாநிலங்களின் கையில். டெக்சாஸில் எந்தப் பதிவும் இல்லாமல் வருடக்கணக்கில் வீட்டில் இருந்த பிஸ்டலுக்குக் கலிபோர்னியா போனதும் படிவம் நிரப்ப வேண்டும். அதே பிஸ்டலோடு உரிமம் இல்லாமல் நியூயார்க் போனால் கைது.

வீடு மாறுகிறவருக்கு நான்கு வழிகள் உண்டு: தானே எடுத்துப் போவது, போகிற ஊரில் உள்ள, துப்பாக்கி விற்க உரிமம் பெற்ற டீலருக்கு அனுப்புவது, பழைய மாநிலத்திலேயே யாரிடமாவது விட்டுப் போவது, விற்றுவிடுவது. எதைத் தேர்வது என்று பார்க்கும் முன் போகிற மாநிலம் எந்த வகை என்று பாருங்கள். சில மாநிலங்கள் முதலில் கொண்டுவர விட்டு, பிறகு பதியச் சொல்கின்றன. வேறு சில, உரிமம் கையில் வந்த பிறகே துப்பாக்கியை உள்ளே விடுகின்றன. நான்கு வழிகளின் நன்மை தீமையும் இந்த ஒரு விஷயத்தை வைத்து அப்படியே மாறிவிடுகிறது.

கலிபோர்னியா முதல் வகை. துப்பாக்கியை மாநிலத்துக்குள் கொண்டுவந்த 60 நாட்களுக்குள் மாநில அரசின் நீதித் துறைக்கு (Department of Justice; நீதிமன்றம் அல்ல) புதுக் குடியேறியவர் அறிக்கை தர வேண்டும். கட்டணம் 19 டாலர். மேரிலாந்தில் 90 நாள் அவகாசம், மாநில போலீஸிடம் 15 டாலர். நியூ ஜெர்சி 2022இல் சட்டத்தை மாற்றியது: குடியேறிய 60 நாட்களுக்குள் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை எடுக்க வேண்டும், வெளியிலிருந்து கொண்டுவந்ததைப் பதியவும் வேண்டும். ஹவாயில் அவகாசம் மிகக் குறைவு. நீங்களோ துப்பாக்கியோ, எது கடைசியாக வந்து சேர்கிறதோ அதிலிருந்து 5 நாட்களுக்குள் அந்தந்தக் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) போலீஸிடம் பதிய வேண்டும், கைரேகையும் எடுப்பார்கள். இல்லினாய்ஸில் துப்பாக்கியைப் பதியும் வேலை இல்லை, ஆனால் உரிமையாளர் அட்டை வேண்டும். புதிதாக வந்தவருக்கு 60 நாள்.

நியூயார்க் இரண்டாம் வகை. வீட்டுக்குள் வைத்திருக்கவே உரிமம் தேவை. வேறு மாநில உரிமம் எதுவும் அங்கே செல்லாது. புதிதாக வந்தவருக்கென்று கொண்டுவந்து வைத்துக்கொள்ளும் அவகாசத்தை நம்பிப் போகக் கூடாது.

தானே எடுத்துப் போவது

முதல் வகை மாநிலங்களுக்கு இதுதான் சிறந்த வழி. செலவு குறைவு, காகித வேலை ஒன்றே ஒன்று, துப்பாக்கி ஒரு நாளும் பிறர் கைக்குப் போவதில்லை.

காரில் போனால் மத்தியச் சட்டத்தின் 926ஏ பிரிவு வழியில் உள்ள மாநிலங்களில் பாதுகாப்பு தருகிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருப்பது உங்களுக்குச் சட்டப்படி சரியாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் பயணிகள் அமரும் இடத்திலிருந்து கைக்கு எட்டக் கூடாது. செடான் காரானால் டிக்கியில் வைத்தால் போதும். எஸ்யூவியிலும் பிக்கப்பிலும் தனி டிக்கி இல்லாததால் பூட்டிய பெட்டி தேவை. டாஷ்போர்டு அறையும் இருக்கைகளுக்கு நடுவில் இருக்கும் கன்சோலும், பூட்டியிருந்தாலும், இந்தக் கணக்கில் சேராது. பலர் மாட்டுவது இங்கேதான்.

இந்தப் பாதுகாப்பு பயணத்துக்கு மட்டும். வழியில் இரண்டு நாள் நண்பர் வீட்டில் தங்கினால் அது பயணமா என்ற கேள்வி எழும். விமானம் தவறி, பெட்டியை வாங்கிக்கொண்டு நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் ஓட்டலில் ஓர் இரவு தங்கிய யூட்டா பயணி ஒருவர் மறுநாள் விமான நிலையத்தில் கைதானார். அவருடைய வழக்கில் 2010இல் மத்திய அரசின் மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், இரவு முழுக்கப் பெட்டி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்ததால் இந்தப் பிரிவு அவரைக் காப்பாற்றாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே இரவுத் தங்கலைச் சட்டம் தளர்வாக உள்ள மாநிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் போனால் நியூயார்க், நியூ ஜெர்சி விமான நிலையங்களில் மாறிப் போகும் டிக்கெட்டைத் தவிருங்கள்.

விமானத்துக்கான விதி எளிது. தோட்டா நீக்கி, கடினமான பெட்டியில் பூட்டி, செக்-இன் கவுண்டரில் சொல்லிவிட்டு, சாமானோடு அனுப்ப வேண்டும். தோட்டாக்களுக்குப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் 5 கிலோ வரம்பு வைத்திருக்கின்றன. ஹவாய்க்கு இதுவே நடைமுறை வழி. வீட்டுச் சாமான் லாரியில் போடலாம் என்று எண்ண வேண்டாம். இடமாற்ற நிறுவனங்கள் தோட்டாவை ஏற்பதில்லை, துப்பாக்கியையும் பெரும்பாலும் ஏற்பதில்லை.

போய்ச் சேர்ந்த பின் கலிபோர்னியாவில் வேலை வரிசைப்படி நடக்க வேண்டும். அறிக்கையில் அந்த மாநில ஓட்டுநர் உரிமம் அல்லது அடையாள அட்டை எண் கேட்பார்கள். அதை முதலில் எடுங்கள். பிறகு தயாரிப்பாளர், மாடல், வகை, காலிபர், குழல் நீளம், வரிசை எண். சிக் சாயர் பி320 பிஸ்டலில் கைப்பிடிக் கூடு துப்பாக்கியாகவே கணக்கில் வராது. உள்ளே இருக்கும் விசைப் பகுதிதான் துப்பாக்கி. அதன் எண் கூட்டில் உள்ள சிறு சன்னல் வழியே தெரியும். கிளாக் பிஸ்டலில் குழலுக்குக் கீழே, கூட்டின் அடியில் பதித்த சிறு உலோகத் தகட்டில் பாருங்கள். குழல் நீளத்தை ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பகுதி) மூடிய நிலையில் குழலின் வாய் முதல் தோட்டாவின் பின்புறம் முட்டும் முகப்பு வரை அளக்க வேண்டும். ரிவால்வரில் உருளையைச் சேர்க்காமல் குழலை மட்டும் அளப்பார்கள். தோட்டா இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்த பிறகு மெல்லிய மரக்குச்சியை உள்ளே விட்டு அடையாளமிட்டு அளப்பது எளிது.

கலிபோர்னியாவில் கடைகள் விற்க அனுமதி பெற்ற கைத்துப்பாக்கிகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் இல்லாத மாடலையும் புதுக் குடியேறியவர் தன்னோடு கொண்டுவந்து அறிக்கை தரலாம். இந்தச் சலுகைக்காகவே கலிபோர்னியா போகிறவர்களுக்கு முதல் வழியை அழுத்திச் சொல்கிறோம்.

டீலருக்கு அனுப்புவது

நியூயார்க்குக்கு இதுவே சரியான வழி. போகிற கவுண்டியில், உரிமம் வரும்வரை வைத்திருக்கச் சம்மதிக்கும் டீலரை முதலில் தேடிப் பிடிக்க வேண்டும். பிறகு டெக்சாஸ் டீலர் ஒருவர் மூலம் அவருக்கு அனுப்ப வேண்டும். நீங்களே அஞ்சலில் போட முடியாது. கைத்துப்பாக்கியைத் தபாலில் அனுப்பத் தடை 1927இலேயே வந்தது. பெரிய கூரியர் நிறுவனங்களும் உரிமம் பெற்றவர்களிடமிருந்து மட்டுமே வாங்குகின்றன. இரு டீலர்களின் கட்டணம், கூரியர் செலவு, மாத வாடகை எல்லாம் சேரும். உரிம விண்ணப்பத்தின் மீது ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம். உரிமம் வந்தால் அந்தத் துப்பாக்கியின் விவரம் அதில் ஏறிய பிறகே கையில் தருவார்கள். நியூயார்க் நகருக்குள் குடியேறினால் நகரப் போலீஸ் தரும் உரிமம் தனியாக வேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று தோன்றினால் அந்த மாநிலத்தின் ஒரு வரையறையைப் பாருங்கள். துப்பாக்கி காலியாக இருந்தாலும், அதில் போடக்கூடிய தோட்டா அதே நேரத்தில் உங்களிடம் இருந்தால், அது தோட்டா ஏற்றிய துப்பாக்கியாகவே கருதப்படும். வீட்டுக்கு வெளியே உரிமம் இல்லாமல் அப்படிப் பிடிபட்டால் குற்றச்சாட்டு மூன்றரை ஆண்டுக் குறைந்தபட்சச் சிறைக்கு இட்டுச்செல்லும். டிக்கியில் பூட்டி வைத்தேன் என்ற வாதமும் உதவாது. சேரும் இடத்தில் வைத்திருக்க உரிமை இல்லாததால் 926ஏ ஆரம்பத்திலேயே பொருந்தாது.

கலிபோர்னியாவுக்கு இதே வழி வீண் செலவு. டீலர் கைக்குப் போனால் 10 நாள் காத்திருப்பு வந்துவிடும், பட்டியலில் இல்லாத மாடலை வெளியே எடுப்பதும் சிக்கலாகும்.

விட்டுப் போவது

எளிதாகத் தோன்றினாலும் இதைப் பற்றித்தான் நமக்குக் கவலை அதிகம். டெக்சாஸில் அண்ணன் வீட்டில் வைத்துவிட்டுப் போவதில் அன்றைக்குச் சிக்கல் இல்லை. அவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவராக மட்டும் இருக்கக் கூடாது. நீங்கள் வேறு மாநிலவாசி ஆன பிறகு அவர் அதை உங்கள் கையில் திருப்பித் தருவது, மாநிலம் கடந்த கைமாற்றமாகப் பார்க்கப்படலாம். அதற்கு மத்தியச் சட்டம் உங்கள் மாநில டீலர் வழியாக வரச் சொல்கிறது. விட்டுத்தான் ஆக வேண்டுமானால் சாவி உங்களிடம் மட்டுமே உள்ள பெட்டியில் பூட்டி வையுங்கள். திரும்பப் பெறும்போது டீலர் வழியே பெறுங்கள். ஓரிரு ஆண்டு வேலைக்காகப் போகிறவருக்கு மட்டுமே இது பொருந்தும்.

விற்பது

சாதாரண துப்பாக்கி, நியூயார்க் பயணம் என்றால் விற்பதே மலிவு. இரு டீலர் கட்டணமும் ஆறு மாத வாடகையும் சேர்ந்தால் பழைய பிஸ்டலின் விலையை எட்டிவிடலாம். புறப்படும் முன்பே விற்றுவிடுங்கள். உரிமம் பெற்ற கடைக்கு விற்று, வரிசை எண் எழுதிய ரசீது வாங்குவது எல்லாவற்றிலும் சுத்தம்.

எந்த வழியானாலும்

மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் பெட்டி, பலரைச் சிக்க வைக்கிறது. கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, ஹவாய் நான்கிலும் கைத்துப்பாக்கி மேகசினுக்கு வரம்பு 10 தோட்டா, இல்லினாய்ஸில் 15. கிளாக் 17உடன் வருவது 17 தோட்டா மேகசின். துப்பாக்கியை ஒழுங்காகப் பதிந்துவிட்டு மேகசினால் மாட்டுவது கொடுமை. புறப்படும் முன் 10 தோட்டா மேகசின் வாங்கி மாற்றிவிடுங்கள். சைலன்சர் பொருத்த மரை போட்ட குழல் இருந்தால் அதையும் சாதாரணக் குழலாக மாற்றுங்கள். கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் அந்த ஒரு குழலே பிஸ்டலைத் தடை செய்யப்பட்ட ‘தாக்குதல் ஆயுத’ வகையில் தள்ளிவிடும்.

பதிவு என்பது இடுப்பில் செருகிப் போகும் அனுமதி ஆகாது. டெக்சாஸ் அனுமதி அட்டை இங்கே பெயர் சொன்ன பதிவு மாநிலங்களில் செல்லாது.

எச்1பி விசாவில் உள்ள நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் முக்கிய விலக்கு. வீடு மாறும் பரபரப்பில் அது காலாவதியானால், மாநிலப் படிவம் எவ்வளவு சரியாக இருந்தாலும் மத்தியக் குற்றம். நீங்களே உங்கள் கைப்படப் பதிவுக்கு எழுதிக் கொடுப்பது அதற்கான ஆதாரமாகவும் ஆகிவிடும். புதிய வேட்டை உரிமம் கையில் இருக்கும்போதே பெட்டியைக் கட்டுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.