ஜாஸ்மாஸ்டர் '62 மறுபதிப்பு: கம்பி குதிக்கிறது என்று கைவிட்டுவிடாதீர்கள்

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அமெரிக்கன் விண்டேஜ் வரிசையில் வந்த '62 மறுபதிப்பு. சன்பர்ஸ்ட் நிறம், ஆமையோட்டுச் சாயலில் பிக்கார்டு. விற்றவர் பெட்டியைத் திறக்கும்போதே சொல்லிவிட்டார்: "ஆறாவது கம்பி சேடிலை விட்டுக் குதிச்சிடும், பார்த்து வாசிங்க." பல ஸ்வரங்கள் சேர்ந்த ஒரு கார்ட் அழுத்தி அடித்தேன். சொன்னபடியே கம்பி, அதைத் தாங்கும் சின்னத் துண்டான சேடிலின் பள்ளத்தை விட்டு விலகி உட்கார்ந்தது. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர் போட்டிருந்தது மெல்லிய 9 கேஜ் கம்பி. இந்தக் கிட்டாருக்கு அது சேரவே சேராது.

ஏன் என்று புரிய 1958க்குப் போக வேண்டும். ஃபெண்டரின் டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்கள் இரண்டும் வந்து நிலைத்துவிட்ட நேரம். அடுத்தபடியாக ஜாஸ் வாசிப்பவர்களைப் பிடிக்க வேண்டும் என்று நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் இறங்கினார். அவர்கள் உட்கார்ந்து வாசிப்பவர்கள். அதனால் உடலின் இடுப்பைச் சாய்த்து வெட்டினார், மடியில் வைத்தால் வழுக்காமல் சமநிலையில் நிற்கும். ஆஃப்செட் என்று இன்று நாம் சொல்லும் அந்த வடிவம் அங்கிருந்துதான் தொடங்கியது. ஃபெண்டரில் ரோஸ்வுட் ஃபிரெட்போர்டு (விரல் பதிக்கும் பலகை) முதலில் வந்ததும் இதில்தான். ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு மேலே, விலை கூடிய மாடலாக இதை நிறுத்தினார்கள். அன்றைக்குக் கிட்டாரில் இருந்ததெல்லாம் தடித்த கம்பிகள். மூன்றாவது கம்பிகூட, மேலே உலோக இழை சுற்றிய சுற்றுக் கம்பியாகத்தான் இருக்கும். அந்த இழுப்பு இருக்கும் என்று நம்பித்தான் சேடில்கள் உட்கார்ந்திருக்கும் இந்த பிரிட்ஜை வடிவமைத்தார்கள். கம்பியைக் கீழ்நோக்கி அழுத்தும் விசை குறைந்தால் சேடிலில் இருக்கும் ஆழமில்லாத பள்ளம் கம்பியைப் பிடித்து நிறுத்தாது.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன், இதே தொல்லை உள்ளவர்களுக்கு உதவும். கிட்டாரின் கழுத்தான நெக்கைப் பிடித்திருக்கும் நான்கு திருகுகளையும் கழற்றி நெக்கை எடுத்தேன். விசிட்டிங் கார்டிலிருந்து அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நெக் உட்காரும் குழியில் பிரிட்ஜ் பக்கத்து ஓரமாக வைத்து மறுபடி இறுக்கினேன். இப்போது நெக் ஒரு மயிரிழை பின்னால் சாயும். கம்பியின் உயரம் பழையபடி வர வேண்டுமென்றால் பிரிட்ஜை உயர்த்தியே ஆக வேண்டும். பிரிட்ஜின் இரு முனையிலும் உள்ள துளை வழியாக ஆலன் கீயை விட்டுத் திருகினால் அது மேலே வரும். பிரிட்ஜ் உயர உயர, அதற்குப் பின்னால் கம்பி இறங்கும் கோணம் இன்னும் சரிவாகிறது, சேடிலின் மேல் அழுத்தம் கூடுகிறது. கடைசியாக அதைவிடத் தடித்த, தட்டை இழை சுற்றிய 11 கேஜ் ஃப்ளாட்வூண்ட் கம்பி மாட்டினேன். அன்றைக்கு அடங்கிய கம்பி இன்றுவரை குதிக்கவில்லை. அறுபதுகளில் தொழிற்சாலையிலேயே நெக்குக்கு அடியில் இப்படித் துண்டு வைத்து அனுப்பியிருக்கிறார்கள், அதனால் யாரும் இதை ஒட்டுவேலை என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று. பிரிட்ஜ் ஆடுகிறதே என்று டேப் சுற்றி இறுக்குகிறார்கள். அது ஆடத்தான் வேண்டும். அதன் கால்கள் குழாய்க்குள் தளர்வாக நிற்கின்றன. சுருதியை அசைக்கும் நெம்புகோலான டிரெமோலோ கையை அழுத்தும்போது கம்பியோடு பிரிட்ஜும் சாய்ந்து, விட்டதும் பழைய இடத்துக்கே வருகிறது. சுருதி கெடாமல் இருப்பது அதனால்தான்.

அந்த டிரெமோலோ எனக்கு மிகவும் பிடித்த பாகம். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இருப்பதுபோல் கம்பியைத் தொளதொளவென்று தளர்த்திவிடும் வேலை இதற்குத் தெரியாது. மெல்ல அசைத்தால் முழு கார்டும் ஒரு நடுக்கத்தோடு நகரும், அவ்வளவுதான், அது போதும். தகட்டில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. கம்பி ஒன்று அறுந்தால் ஸ்பிரிங் வென்று மற்ற ஐந்தின் சுருதியும் ஏறிவிடும். அப்போது கையை அழுத்திப் பொத்தானைத் தள்ளிவிட்டால் தகடு பழைய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும், பாட்டை முடித்துவிடலாம். ஒருமுறை மேடையில் முதல் கம்பி அறுந்தபோது இதுதான் என்னைக் காப்பாற்றியது. ஆனால் தகட்டின் நடுத்திருகைச் சரியாக வைத்திருக்க வேண்டும். சுருதி சேர்ந்திருக்கும் நிலையில் பொத்தான் தடையில்லாமல் வழுக்க வேண்டும், அதுதான் அளவு.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பைப் பார்த்துவிட்டு "இது பி-90தானே" என்று கிப்சனின் பிக்கப்பை நினைத்துக் கேட்பவர்கள் நிறையப் பேர். உறை அப்படித் தெரியும், உள்ளே வேறு. பி-90இல் சுருளுக்கு அடியில் சட்டக் காந்தங்கள் படுத்திருக்கும். ஜாஸ்மாஸ்டரில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஒரு உருளைக் காந்தம் நிற்கிறது, சுருள் அகலமாகத் தட்டையாகச் சுற்றப்பட்டிருக்கிறது. கம்பியின் நீளத்தில் கூடுதல் இடத்திலிருந்து ஒலியை வாங்குவதால் சத்தம் உருண்டையாகவும் அதே சமயம் தெளிவாகவும் வருகிறது. வழக்கமாக வாசிக்கும் லீட் சர்க்யூட்டில் வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் 1 மெகஓம் பாட்கள், ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 250 கிலோஓம். பளிச்சென்ற அந்த உச்ச ஒலிக்கு அது ஒரு காரணம். மேல் கொம்பில் உள்ள ஸ்விட்சைத் தள்ளினால் நெக் பிக்கப் மட்டும் வேலை செய்யும். வால்யூமும் டோனும் அங்கேயே விரலால் உருட்டும் சக்கரங்களாக இருக்கின்றன. இந்த ரிதம் சர்க்யூட்டைப் பலர் தொடுவதே இல்லை. ஃப்ளாட்வூண்ட் கம்பியோடு, இரவு நேரத்தில், ஆம்பைக் குறைத்து வைத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். லியோ மனதில் என்ன ஒலி ஓடியது என்று புரியும்.

ஜாஸ் உலகம் என்னவோ திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் முகப்பு வளைந்த தங்கள் ஆர்ச்டாப் கிட்டார்களோடு இருந்துவிட்டார்கள். தூக்கிக்கொண்டவர்கள் சர்ஃப் இசைக்காரர்கள், வென்ச்சர்ஸ் மாதிரிக் குழுக்கள். 1965இல் ஃபெண்டர் நிறுவனம் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் கைக்குப் போனது. நெக்குக்கு ஓரப் பட்டை வந்தது, 1966இல் ஃபிரெட்போர்டில் வட்டப் புள்ளிகளுக்குப் பதில் செவ்வகக் கட்டங்கள் வந்தன. அப்புறம் மெல்ல மெல்ல ஆசை குறைந்து 1980இல் தயாரிப்பே நின்றது. யாருக்கும் வேண்டாததாகி மலிவாகக் கிடைத்ததால்தான் இது புதிய கைகளுக்குப் போனது. டெலிவிஷன் குழுவின் டாம் வெர்லைன், தன் முதல் ஆல்பத்தின் அட்டையிலேயே இதோடு நிற்கும் எல்விஸ் காஸ்டெல்லோ, பிறகு சோனிக் யூத் குழு, டைனோசர் ஜூனியர் குழுவின் ஜே மாஸ்கிஸ். சோனிக் யூத் பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள கம்பித் துண்டையே மணிபோல் அடித்தார்கள். மற்ற பெரும்பாலான ஃபெண்டர்களில் அவ்வளவு நீளம் அங்கே கிடைக்காது, இதிலும் இதன் தம்பி ஜாகுவாரிலும் கிடைக்கும்.

மறுபதிப்புகள் 1986இல் ஜப்பானில் தொடங்கின. கைவேலை அருமை, ஆனால் உறைக்குள் இருந்த பிக்கப் அகலமான அசல் சுருள் இல்லை. 1999இல் அமெரிக்காவிலேயே செய்த '62 வந்தது. என்னிடம் இருப்பது இந்த வகை. அகலச் சுருள், பூட்டும் பொத்தான், நைட்ரோ வார்னிஷ், ஃபிரெட்போர்டின் குறுக்கே 7.25 அங்குல ஆர வளைவு எல்லாம் இதில் உண்டு. 2008இல் வந்த கிளாசிக் பிளேயர் வேறு வழியில் போனது. டிரெமோலோவை பிரிட்ஜுக்கு அருகில் நகர்த்தி, ஆடாத பிரிட்ஜ் போட்டார்கள். கம்பி குதிக்காது, உண்மை. பின்னால் ஒலிக்கும் அந்த மணியும் போய்விட்டது. எனக்கு அந்தப் பேரம் சம்மதமில்லை. 2018இன் அமெரிக்கன் ஒரிஜினலில் ஃபிரெட்போர்டு 9.5 அங்குல வளைவுக்குத் தட்டையானது. 2022இன் அமெரிக்கன் விண்டேஜ் II 1966 பழைய 7.25க்கே திரும்பியது. புதிதாக வாங்குபவர்களுக்கு நான் காட்டுவது அதைத்தான்.

குறைந்த செலவில் வேண்டும் என்றால் ஃபெண்டரின் மலிவு வரிசையான ஸ்குவையரின் ஜே மாஸ்கிஸ் மாடல் நல்ல கிட்டார். பிக்கப் பி-90 பக்கம் சாயும், கம்பி அசையாது, ராக் வாசிக்க வசதி. ஜாஸ்மாஸ்டர் ஒலியைத் தேடி வாங்குபவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேல் ஃபிரெட்களில் கம்பியை இழுத்துச் சுருதி ஏற்றும் பெரிய பெண்ட் போட்டு வாசிப்பவர்களுக்கு 7.25 வளைவு ஒத்துவராது, கம்பி அடைபடும், அவர்கள் 9.5க்குப் போகலாம். பிக்கப் ஒற்றைச் சுருள் என்பதால் தனியாக வைத்தால் இரைச்சல் இருக்கும், இரண்டையும் சேர்த்து வைத்தால் அடங்கிவிடும். நான் பெரும்பாலும் அந்த நடு நிலையில்தான் வாசிக்கிறேன், டோனைக் கொஞ்சம் இறக்கி. நெக்குக்கு அடியில் நான் வைத்த விசிட்டிங் கார்டுத் துண்டு இன்னும் அங்கேயே இருக்கிறது.